பெட்டியக்காவும் ஒத்தை சீட்டும்

எங்கள் பார்க்கில் சிரிப்புக்கு அளவு உண்டு. மேல்வரிசையில் எட்டுப் பல் தெரிய வேண்டும். ஏழு தெரிந்தால் முறைப்பது போல இருக்குமாம்; ஒன்பது தெரிந்தால் கடிக்க வருவது போல. இதைக் கண்டுபிடித்தவர் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அதிகாரி. கழுத்தில் தொங்கும் அட்டையில் அவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் டிக்கெட் கிழிப்பவர் முதல் கக்கூஸ் கழுவுகிறவர் வரை எல்லாருக்கும் அவர் பல்லு சார்தான். திங்கட்கிழமை காலைகளில் எங்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்து, "அன்பு உள்ளேருந்து வரணும், உள்ளேருந்து" என்பார். உள்ளேயிருந்து வருகிற சாமானுக்கு வெளியே எதற்குக் கண்ணாடி என்று யாரும் கேட்டதில்லை. அவரிடம் ஒரு நாள் லீவு கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாய் சர்க்கரை, கை கொக்கரை.

அந்த வரிசையில் கண்ணாடியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரே ஆள் பெட்டியக்கா.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பார்க்குக்கு வருவதற்கு முன் இருபத்து மூன்று வருஷம் ஒரு துணிக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்தார். காலர் மட்டும். "லட்சம் ஆம்பளைங்க கழுத்தப் புடிச்சிருக்கேன். ஒரு முழுச் சட்ட தச்சதில்ல" என்பார். முட்டி தேய்ந்து மிஷினை மிதிக்க முடியாமல் போனதும் இங்கே வந்தார். இங்கே மிதிக்க வேண்டியதில்லை. ஒன்பது மணி நேரம் நின்றால் போதும். வீட்டுக்காரருக்கு இடுப்பு போய் ஆறு வருஷமாகிறது. ஒரே அறை, பொதுக் குழாய், ஜன்னலை ஒட்டி அவருடைய கட்டில். அக்கா கொண்டுபோனால்தான் அந்த அறையில் அடுப்பு எரியும்.

அக்கா நிற்கும் இடம் பாம்புக்குப் பக்கத்தில். பாம்பு என்பது எங்கள் பார்க்கின் பெரிய ரோலர் கோஸ்டர். அதில் ஏறுகிறவர்கள் கையில் எதுவும் வைத்திருக்கக் கூடாது. வாசலிலேயே நாற்பது இரும்புப் பெட்டிகள். காசு கொடுத்து டோக்கன் வாங்கி, பையைப் பெட்டியில் வைத்துவிட்டு, சாவியோடு போக வேண்டும். நாற்பதில் பதினேழாம் எண் பெட்டிக்கு எட்டு மாதமாகப் பூட்டு கிடையாது. எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்து ஓய்ந்து, அக்கா அதைத் தனக்கே வைத்துக்கொண்டார். சாப்பாட்டு டப்பா, முட்டிக்குத் தடவுகிற தைலம், மாற்றுச் செருப்பு. கதவை மூடி ஒரு பழைய காலர் பட்டையால் கட்டி வைத்திருப்பார்.

பெட்டிகளுக்கு எதிரே தகரக் கூரையின் கீழ் ஒரு சிமென்ட் பெஞ்ச். அங்கே உட்காருகிறவர்களைப் பார்த்தால் குடும்பம் என்பது என்னவென்று விளங்கிவிடும். வாசலில் பெரிய எழுத்தில் 'குடும்பத்தோடு கொண்டாடுங்கள்' என்று போட்டிருக்கிறோம். குடும்பம் கொண்டாடும், அம்மா பெஞ்சில் உட்கார்ந்து பை பார்த்துக்கொள்வாள். பெட்டிக்கு டோக்கன் வாங்குவது தண்டச் செலவு, அம்மா இலவசம். காலை பத்து மணிக்கு உட்காருகிறவள் சாயங்காலம் வரை பெஞ்ச் பெஞ்சாக மாறி உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்குப் போய், "பசங்க நல்லா என்ஜாய் பண்ணாங்க" என்று சொல்லிக்கொள்வாள். ஆணியில் மாட்டினால் விழுந்துவிடுமே என்று ஆளின் மேல் மாட்டுகிற ஜனங்கள்.

பாம்பில் இருபத்து நாலு சீட்டு, ஜோடி ஜோடியாக. மூன்று பேராக ஒரு குடும்பம் ஏறினால் ஒரு சீட்டு காலியாக ஓடும். ஊழியர்கள் பேச்சில் அது 'ஒத்தை சீட்டு'. மற்றவர்களுக்கு அது வெறும் காலி இடம். அக்கா மட்டும்தான் அதன் கணக்கைப் பிடித்தார். "அந்த சீட்டுக்காரி எங்க போயிட்டா? இதோ, எதுத்தாப்புல பையோட உக்காந்திருக்கா!"

கேட்டில் நின்று ஆளை ஏற்றும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒரு ஏற்பாடு. ஒத்தை சீட்டு விழுந்தால் அவர் கம்பியை இரண்டு முறை தட்டுவார். பெஞ்சில் ஆள் தேறினால் அக்கா ஒரு விரலைத் தூக்குவார். பைகள் பதினேழுக்குள் போகும். அந்த அம்மா பாம்பில் ஏறுவாள். பத்து நிமிஷம். அவள் குடும்பம் திரும்பி வருவதற்குள் பழையபடி பெஞ்சுக்கு வந்துவிடுவாள். டோக்கன் இல்லை, சாவி இல்லை, எட்டுப் பல் சிரிப்பும் இல்லை. இரண்டு வருஷமாக இப்படி எத்தனை பேரை ஏற்றினார் என்று அவருக்கே தெரியாது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. டோக்கன் இல்லாத பை ஊழியரின் பொறுப்பில் இருந்தால் அது திருட்டாகக் கருதப்படும் என்று பல்லு சார் போட்ட விதி ஒன்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ. ஒன்று, விருந்தினர் நிற்கும்போது உட்கார்ந்ததற்கு. இன்னொன்று, பெட்டி ரொம்பச் சின்னது என்று கத்திய ஒருவரிடம், "பெட்டி சின்னதில்ல சார், பை பெருசு" என்று சொன்னதற்கு. மூன்றாவது வந்தால் வெளியேதான். அதுவும் திருட்டு என்று எழுதி அனுப்பினால் வேறு எந்த வாசலும் அவருக்குத் திறக்காது.

அன்றைக்கு வந்த குடும்பத்தில் நாலு பேர். அப்பா, அம்மா, பதினாறு வயது மகன், பத்து வயது மகள். அப்பா ஏதோ கம்பெனியில் மேனேஜர். நாங்கள் கேட்கவில்லை, அவர்தான் டிக்கெட் கவுண்ட்டரிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். பெட்டிப் பக்கம் வந்ததும் டோக்கன் விலையைப் பார்த்துச் சிரித்தார்.

"பெட்டிக்கு எதுக்கு காசு? அதான் இவ இருக்காளே."

நாலு பை, நாலு பேருடைய போன், மூன்று ஜோடி செருப்பு எல்லாம் அந்த அம்மாவின் மடிக்கும் காலடிக்கும் வந்தன. மூன்று பேரும் பாம்பில் ஒரு சுற்று போனார்கள். இறங்கிவந்து, "நாங்க தண்ணிச் சறுக்கலுக்குப் போறோம். ரெண்டு மணி நேரமாகும். இங்கயே இரு, எங்கயும் போயிடாத" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு நடந்தார் மேனேஜர். அவள் எங்கே போக முடியும்? மடியில் அவ்வளவு பாரம்.

அதன் பிறகு நடந்த பேச்சை அக்கா எனக்குச் சொன்னார்.

"ஏம்மா, நீங்க ஏறலையா?"

"எனக்குத் தல சுத்தும்க்கா."

"எப்ப சுத்துச்சு?"

"ஏறினதில்ல. அவர் சொல்லுவாரு, உனக்கு ஒத்துக்காதுன்னு."

"ஏறாமலே சுத்துற தலய இப்பத்தான் பாக்கறேன். பையக் கொடுங்க."

"ஐயோ, டோக்கனுக்குக் காசு அவர் பர்சுலல்ல இருக்கு, கேக்காம எடுக்க முடியாதே."

"நான் காசு கேட்டனா?"

கம்பி இரண்டு முறை தட்டியது. அக்கா விரலைத் தூக்கினார். அந்த அம்மா செருப்பைப் பெஞ்சடியில் கழற்றிப் போட்டுவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்ட பிள்ளை மாதிரி ஓடினாள். இறங்கிவந்தபோது பின்னல் பாதி அவிழ்ந்திருந்தது.

"தல சுத்துச்சா?"

"உலகந்தான்க்கா சுத்துச்சு. என் தல அப்படியே இருந்துச்சு."

பத்து நிமிஷத்தோடு நிறுத்துவதுதான் அக்காவின் வழக்கம். ஆனால் தண்ணிச் சறுக்கல் போனவர்கள் வர இரண்டு மணி நேரம் இருக்கிறதே. "இன்னொரு வாட்டி போறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. அந்த அம்மா இரண்டாவது போனாள். மூன்றாவதும் போனாள். நாலாவது முறை கம்பி தட்டிய நேரத்தில், தண்ணிச் சறுக்கலில் மோட்டார் நின்றுபோய், மேனேஜரும் பிள்ளைகளும் துண்டு தேடிச் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்கள். அக்கா அப்போது குனிந்து வேறொருவருக்குச் சாவி மாட்டிக்கொண்டிருந்தார். பெஞ்ச் காலி. நேரே என் அறைக்கு ஓடி வந்தார்கள்.

என் வேலை தகவல் அறையில். காணாமல் போனவர்கள், காணாமல் போன பொருள்கள், புகார்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். எங்கள் வீட்டில் கைநாட்டு இல்லாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். ஒரு படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி என் அப்பா எத்தனை பேர் வாசலில் கைகட்டி நின்றார் என்று பார்த்தவன். அதனால் என் கைக்கு வரும் படிவத்தில் சொன்னதை விட்டு ஒரு எழுத்து கூடவும் விடமாட்டேன், குறையவும் விடமாட்டேன்.

எங்கள் படிவம் ஒரே தாள். முன்பக்கம் 'காணாமல் போனவர்'. பின்பக்கம் 'காணாமல் போன பொருள்'. காகிதம் மிச்சமாகட்டும் என்று பல்லு சார் செய்த சிக்கனம்.

"என் ஒய்ஃபக் காணோம்!" என்றார் மேனேஜர்.

பெயரைச் சொன்னார், எழுதினேன். "வயசு சார்?"

"முப்பத்தெட்டு. இல்ல, முப்பத்தொம்பது. ஏதாவது ஒண்ணு போடுய்யா."

இரண்டையும் போட்டேன். "உயரம்?"

மகனின் தோளில் கையை வைத்துக் காட்டினார். "இந்த அளவு இருப்பா."

'மகனின் தோள் அளவு' என்று எழுதினேன். "என்ன டிரஸ் போட்டிருந்தாங்க?"

மேனேஜர் மகனைப் பார்த்தார். மகன் தங்கையைப் பார்த்தான்.

"புடவதானே?" என்றான் மகன்.

"இல்லடா, சுடிதார்" என்றாள் தங்கை. "பச்ச. இல்ல, பச்ச நேத்துப் போட்டது."

"கண்ணாடி போடுவாங்களா?"

"எதையாவது படிச்சா போடுவான்னு நினைக்கிறேன்" என்றார் அவளோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியவர்.

எங்கள் ஊர்ப் பக்கம் மாடு காணாமல் போனால் தேடி வருகிறவன் கொம்பு எந்தப் பக்கம் வளைந்திருக்கும், சுழி எங்கே இருக்கும், எந்தக் காதில் கிழிசல் என்று மூச்சு விடாமல் சொல்லுவான். கேட்கிறவனுக்கே அந்த மாட்டைத் தெரிந்துவிடும்.

"அவங்க போன் நம்பர் சொல்லுங்க."

"போன்ல இருக்கு."

"போன் எங்க சார்?"

"பைல."

"பை எங்க?"

"அவகிட்ட."

"அவங்க?"

"அதத்தானேய்யா உங்கிட்டக் கேக்கறேன்!"

"சரி சார். கையில என்ன வெச்சிருந்தாங்க?"

அவ்வளவுதான், மடை திறந்தது. "கறுப்புப் பை, செவப்பு ஜிப்பு, ஜிப்பு பாதில நிக்கும், அங்க ஒரு ஊக்கு குத்தியிருக்கும். உள்ளே என் பர்சு, கார் சாவி, வலது பக்க அறையில கூலிங் கிளாஸ்." மகன் சொன்னான்: "நீலப் பைல மூணு துண்டு சார். ரெண்டு வெள்ள, ஒண்ணு கோடு போட்டது. என் ஹெட்செட் அதுல இருக்கு, வயர் கறுப்பு." மகள் சொன்னாள்: "என் பைக்கு முயல் காது இருக்கும். ஒரு காது மடிஞ்சிருக்கும்." சாப்பாட்டுப் பையில் எத்தனை டப்பா, எந்த டப்பாவுக்கு மூடி இறுக்கம் என்பது வரை மூன்று பேரும் போட்டி போட்டுச் சொன்னார்கள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

அதற்குள் பல்லு சார் வந்துவிட்டார், பல்லோடு. "கவலையே படாதீங்க சார். நீங்க எங்க குடும்பம்!" என்று மேனேஜரின் ஈரத் தோளைத் தட்டினார். மைக்கில் அறிவிக்கச் சொன்னார். என் கையில் இருந்ததைத்தானே நான் படிக்க முடியும்? கறுப்புப் பை, நீலப் பை, முயல் காதுப் பை, சாப்பாட்டுப் பை சகிதமாக ஒரு பெண்மணியைக் கண்டவர்கள் தகவல் அறைக்கு வரவும் என்று பார்க் முழுக்கக் கேட்கும்படி படித்தேன்.

பாம்புப் பக்கத்து ஒலிபெருக்கியில் அது அக்காவின் காதிலும் விழுந்தது. பைகளை எடுத்துப் பெஞ்சில் போட்டுவிட்டு, எனக்கென்ன தெரியும் என்று நின்றிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. "அனாமத்தாப் போட்டு, அதுல ஒரு போன் போச்சுன்னா? அந்தப் பொண்ணுதானே வீட்டுக்குப் போய்ப் பாட்டு வாங்கும்?" என்று பிறகு சொன்னார். பட்டையை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டு அங்கேயே நின்றார்.

யாரும் வராததால், அவளை விட்டுப்போன இடத்திலிருந்தே தேடலாம் என்று நாங்கள் ஐந்து பேரும் பாம்புக்குப் போனோம். பதினேழாம் பெட்டியின் கதவிடுக்கில் ஒரு முயல் காது நீட்டிக்கொண்டிருந்தது. மடிந்த காது.

"என் பை!" என்று கத்தினாள் மகள்.

"திருட்டு!" என்று கத்தினார் மேனேஜர்.

பல்லு சார் அக்காவைப் பார்த்தார். "டோக்கன் எங்க?"

"இல்ல சார்."

"சாவி?"

"அதுக்குப் பூட்டே இல்ல சார். எட்டு மாசமா எழுதிக் குடுக்கறேன்."

அன்றைக்குத்தான் பல்லு சாரின் வாய் மூடியதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். "மூணாவது" என்றார், மெதுவாக, ருசித்து. "டோக்கன் இல்லாத பை. விதி என்னன்னு சுவத்துல இருக்கு. நாளையிலேருந்து வரவேணாம்மா நீங்க."

அக்கா கவுண்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முட்டிக்காக எப்போதும் பிடிப்பதுதான். அன்றைக்குப் பிடித்தது முட்டிக்காக இல்லை.

"சார், அந்தம்மா மேல இருக்காங்க. அஞ்சாவது சுத்து, ஒத்த சீட்டுல. கீழ வரட்டும், கேளுங்க."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். பாம்பு உச்சியிலிருந்து தலைகீழாக விழுந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் ஒருத்தி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, முடி பறக்க, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனாள். பயந்த கத்தல் இல்லை அது.

"அம்மா!" என்றாள் மகள்.

"சே, அது அவ இல்ல" என்றார் மேனேஜர். "அவ இப்படியெல்லாம் கத்த மாட்டா."

இரண்டு நிமிஷத்தில் அவள் இறங்கி வந்தாள். மஞ்சள் புடவை. மஞ்சள் என்றால் சாதாரண மஞ்சள் இல்லை, நூறு அடி தூரத்தில் நின்றாலும் தெரிகிற மஞ்சள். இவர்களைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு வினாடி பழையபடி பெஞ்ச் முகமாக மாறப் பார்த்தது.

"எங்கடி போன?" என்றார் மேனேஜர். "உன்ன ஏமாத்தி ஏத்திவிட்டு இந்தப் பொம்பள பையெல்லாம் அடிச்சிருக்கா. கையெழுத்துப் போடு. இன்னிக்கு இவ வேலய முடிச்சுட்டுத்தான் மறுவேல."

"நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும் மேடம், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார் பல்லு சார். பல் வரிசை திரும்பியிருந்தது. என் கையில் இருந்த அந்தத் தாள்தான் புகாரும்; சம்பந்தப்பட்டவர் முன்பக்கத்தில் கையெழுத்துப் போடாமல் அது நிற்காது. அதுவும் அவர் போட்ட விதிதான்.

நான் அட்டையையும் பேனாவையும் நீட்டினேன். அக்கா பட்டையை அவிழ்த்துவிட, அந்த அம்மா ஒரு பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நிதானமாகப் படித்தாள். முன்பக்கம் படிக்க நேரமாகவில்லை. பெயர், இரண்டு வயது, மகனின் தோள். உடை என்ற இடத்தில் ஒரு கோடு. தாளைத் திருப்பினாள். பின்பக்கம் படிக்க வெகு நேரம் ஆயிற்று.

"ஊக்கு குத்தினது கூட எழுதியிருக்கு" என்றாள்.

"எனக்கு நாப்பத்தொண்ணு" என்றாள் என்னிடம். திருத்திக்கொண்டேன். பிறகு பல்லு சாரைப் பார்த்தாள். "இதுல தொலஞ்சது பைதானே சார்? நாலும் பத்திரமா இருக்கு. நான்தான் அந்தக்காகிட்டக் குடுத்தேன்."

பின்பக்கத்தின் அடியில் 'பொருளைக் குறைவின்றிப் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி அச்சடித்திருக்கும். அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். முன்பக்கத்தில் போடவில்லை.

"ஆனா டோக்கன் மேடம்..." என்று இழுத்தார் பல்லு சார்.

"இவர் தருவாரு. வாங்கிக்கங்க." கறுப்புப் பையிலிருந்து பர்சை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள். "குடுங்க. மேனேஜர்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்கல்ல?"

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. அவ்வளவு பேர் எதிரில் டோக்கன் காசுக்கு மூக்கால் அழ முடியுமா? கொடுத்தார். பல்லு சாரும் வாங்கினார். வாங்கிய பிறகு டோக்கன் இல்லாத பை என்று எந்த வாயால் எழுதுவது? ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "எங்களுக்கு உங்க மகிழ்ச்சிதான் முக்கியம்" என்று எட்டுப் பல்லையும் கூட்டத்துக்குக் காட்டிவிட்டு நகர்ந்தார். ஆடு நனைகிறதே என்று அழுகிற ஓநாய்க்குக்கூட இவ்வளவு பளபளப்பான பல் இருக்காது.

கம்பி இரண்டு முறை தட்டியது. பிறகு மறுபடி இரண்டு முறை. இரண்டு சீட்டு காலி.

"அம்மா, என்னோட வா" என்று மகள் அவள் கையைப் பிடித்தாள். அவள் நாலு பையையும் பார்த்தாள். புருஷனைப் பெஞ்சில் உட்காரவைத்து, கறுப்பை அவர் மடியிலும் நீலத்தை மகன் தோளிலும் வைத்தாள். மற்ற இரண்டும் பெஞ்சுக்குப் போயின. "இங்கயே இருங்க, எங்கயும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு மகளோடு ஓடினாள். வேண்டுமென்று சொன்னாளா, வாய்ப் பழக்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

மேனேஜர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். துண்டு மகன் தோளில் தொங்கிய நீலப் பையில்தான் இருந்தது. பையில் குத்திய ஊக்கு வரைக்கும் சொன்னவருக்கு அதை எடுத்துத் துடைத்துக்கொள்ளத் தெரியவில்லை. பெட்டியக்கா கவுண்ட்டரிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் சார், நீங்க ஏறலையா? தல சுத்துமா?"

கேட்டபோது அக்காவின் வாயில் ஒரு பல்கூடத் தெரியவில்லை.

மெமோ வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை பல்லு சார் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒரு குடும்பத்தின் நாலு பைகளை இருபது நிமிஷத்தில் மீட்டுக் கொடுத்த 'நமது அன்பு' பற்றிப் பேசினார். பெட்டியக்கா முதல் தடவையாகக் கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்திருந்தார். பல் இடுக்கில் எதையோ நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்குக் கேட் திறந்தது. பதினேழாம் பெட்டிக்கு இன்னும் பூட்டு வரவில்லை. தகவல் அறையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தூரத்தில் கம்பி இரண்டு முறை தட்டுவது கேட்டது.